மீட்டரைப் பார்த்து மயங்காதீங்க, பின்னைப் பாருங்க: பழைய ஜேசிபிக்கு விலை போடறது எப்படி?

நம்ம காலேஜ்ல நிறைய பேர் வீட்டுல யாராவது ஒருத்தர் ஒரு மஞ்சள் வண்டியோட சம்பந்தப்பட்டிருப்பாங்க. சித்தப்பா ஓனரா இருப்பார், மாமா ஆபரேட்டரா இருப்பார், இல்லன்னா பக்கத்து வீட்டு அண்ணன் மாசா மாசம் இ.எம்.ஐ. கட்டிட்டு இருப்பார். அவங்க ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகும்போது உங்களைத்தான் கூப்பிடுவாங்க. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, வந்து பாரு" என்பாங்க. அந்த இடத்துல போய் நின்னா என்ன பார்க்கணும், எதை வச்சு விலை சொல்லணும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல பேர்க் குழப்பம். ஜேசிபி என்பது கம்பெனி பேர். முன்னாடி ஒரு பெரிய பக்கெட், பின்னாடி தோண்டற கை, நாலு டயர், இந்த அமைப்புக்குப் பேர் பேக்ஹோ லோடர். பேப்பர்ல இதையே "பொக்லைன் இயந்திரம்"னு போடுவாங்க. பொக்லைனும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியோட பேர்தான், அவங்க செஞ்சது வேற வகை வண்டி. ஊர் வழக்கு அப்படியே நிலைச்சிடுச்சு, நானும் ஜேசிபின்னே எழுதறேன். இன்னொண்ணு: இதுல "பின்" என்ற வார்த்தை அடிக்கடி வரும். இரும்பு பின்னைத்தான் சொல்றேன். பின்பக்கத்தைச் சொல்லும்போது பின்பக்கம்னே சொல்லிடறேன்.

விலை பேசும்போது விக்கறவர் மூணு எண் சொல்வார்: எந்த வருஷ மாடல், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, பக்கத்து ஊர்ல இதே மாடல் எவ்வளவுக்குப் போச்சு. மூணுமே வண்டியோட மதிப்பு இல்ல. வருமான வரிக் கணக்குல இயந்திரத்துக்குப் பொதுவா வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. 30 லட்ச ரூபாய் வண்டின்னா 5 வருஷம் கழிச்சு புத்தகத்துல 13.3 லட்சம் நிக்கும். அந்த 13.3 லட்சத்துக்கு வண்டி பாறை உடைச்சதா, செங்கல் சூளையில மண் அள்ளினதான்னு தெரியாது. உங்களுக்குத் தெரியணும்.

மணி மீட்டர்

கார்ல கிலோமீட்டர் மாதிரி இதுல மணிக்கணக்கு. பழைய மாடல்கள்ல இது டேஷ்போர்டுல இருக்கற ஒரு சின்ன டப்பா, இன்ஜின் ஓடினா எண் ஏறும். கழட்டி வேற மாட்டறது ஒண்ணும் கஷ்டமான வேலை இல்ல. மாட்டினவர் ஏமாத்தணும்னே மாட்டியிருக்கணும்னு இல்ல. பழசு நின்னு போயி, புதுசு போட்டு, பழைய எண்ணை யாரும் குறிச்சு வைக்காம விட்டிருக்கலாம். விளைவு ஒண்ணுதான், எண்ணை நம்ப முடியாது. புது வண்டிகள்ல கம்பெனியோட டெலிமேட்டிக்ஸ் வசதி இருக்கும். வண்டி எத்தனை மணி ஓடுச்சுங்கறது வெளியில ஒரு சர்வர்லயும் பதிவாகும். ஓனரை வச்சுக்கிட்டே டீலர்கிட்ட சர்வீஸ் ஹிஸ்டரியோட சேர்த்து இதையும் கேளுங்க.

எண் சரியான்னு பார்க்க முதல்ல ஒரு வகுத்தல் கணக்கு போடுங்க. ஒரு நாளைக்கு 8 மணி, மாசத்துக்கு 20 நாள் ஓடினா வருஷத்துக்கு 1,920 மணி. மழை, வேலை இல்லாத நாள், ரிப்பேர் எல்லாம் போக பாதின்னு வச்சாக்கூட 960. பத்து வருஷ வண்டி மீட்டர்ல 6,200 காட்டினா வருஷத்துக்கு 620 மணி. நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாது. வண்டி ஏன் அவ்வளவு கம்மியா ஓடுச்சுன்னு கேட்கணும், பதில் வண்டியோட உடம்போட ஒத்துப் போகுதான்னு பார்க்கணும்.

உடம்புன்னா முதல்ல பெடல். கால் வைக்கிற ரப்பர் தேய்ஞ்சு இரும்பு பளபளன்னு தெரியுதா? லீவர் குமிழ்ல எழுதியிருந்த அம்புக்குறி அழிஞ்சிருக்கா? ஸ்டீயரிங்ல கை படற இடம் வழுவழுன்னு இருக்கா? சீட் கவரைத் தூக்கி உள்ள இருக்கற ஸ்பான்ஞ்சைப் பாருங்க. ரொம்பத் தேய்ஞ்ச வண்டியில 4,000 மணி மீட்டர் இருந்தா மீட்டரை விட்டுட்டு பெடலை நம்புங்க. பெடல் ரப்பர் புத்தம் புதுசா இருந்து, பக்கத்துல தரைத் தகடு வெள்ளையா தேய்ஞ்சிருந்தாலும் அதே பதில்தான்.

மணிக்கணக்கு உண்மையாவே இருந்தாலும் எல்லா மணியும் ஒண்ணு இல்ல. இன்ஜின் ஐடிலிங்ல நின்ன ஒரு மணியும், பிரேக்கர் மாட்டி கருங்கல்லை அடிச்ச ஒரு மணியும் மீட்டருக்கு ஒண்ணுதான். பின்பக்கக் கையோட நுனி வரைக்கும் கூடுதலா ரெண்டு பைப் ஓடுதான்னு பாருங்க. அது பிரேக்கர் லைன். பிரேக்கர் இப்ப மாட்டியிருக்காது, "மண் வேலைதாங்க பார்த்துச்சு" என்பாங்க, ஆனா பைப்பை யாரும் கழட்ட மாட்டாங்க. பைப் இருந்தா கையோட வெல்டிங் இணைப்பு ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். முடி மாதிரி விரிசல், பெயின்ட்டுக்கு அடியில துருக்கோடு, பிற்பாடு வச்சு வெல்டு பண்ணின பட்டைத் தகடு, இது மூணும்தான் தேடறது. வண்டி முழுக்கப் பழசா இருந்து ஒரு இடத்துல மட்டும் புதுப் பெயின்ட் இருந்தா அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கக் கேளுங்க. விக்கறவர் கோபப்பட்டா அதுவே ஒரு தகவல்.

பின், புஷ், ஆட்டம்

என்னைக் கேட்டா ஒரு பேக்ஹோவோட உண்மையான வயசு இங்கதான் இருக்கு. கை மடங்கற ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அது சுழல ஒரு புஷ். தினமும் கிரீஸ் அடிச்சா நிறைய நாள் உழைக்கும். அடிக்கலன்னா மண்ணும் இரும்பும் சேர்ந்து அரைச்சு இடைவெளி விழும். இதைத்தான் ஆபரேட்டர்கள் "ஆட்டம் விழுந்துடுச்சு" என்பாங்க.

பார்க்கறது சுலபம். பின்பக்கக் கையை முழுசா நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு அடி மேல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. சாவி உங்க கையில இருக்கட்டும். பக்கெட்டோட பக்கவாட்டுல நின்னு கையால தள்ளி இழுங்க. எவ்வளவு ஆடுதுன்னு டேப் வச்சு அளங்க. இப்ப கொஞ்சம் ஜியோமெட்ரி. கை வண்டியோட சேர்ற இடத்துல கிங் போஸ்ட் இருக்கு, அதுல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பின். நடுவுல அரை மீட்டர்னு வச்சுக்கோங்க. அங்க 1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தா, 5 மீட்டர் தள்ளி இருக்கற பக்கெட் முனையில அது பத்து மடங்கா, 1 சென்டிமீட்டரா தெரியும். முனையில 5 சென்டிமீட்டர் ஆடுதுன்னா நடுவுல இருக்கற மூட்டுகள் எல்லாம் பங்கு போட்டுத் தேய்ஞ்சிருக்கு. எந்த மூட்டுன்னு கண்டுபிடிக்க, ஒருத்தர் பக்கெட்டை ஆட்டட்டும், நீங்க ஒவ்வொரு மூட்டிலயும் விரலை ரெண்டு பாகத்துக்கும் மேல படற மாதிரி வெளிப்பக்கமா வச்சுப் பாருங்க. இடுக்குக்குள்ள விரலை விட்டுடாதீங்க. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும்.

ஆட்டம் இருந்தா வேணாம்னு வந்துட வேண்டியதில்ல. புஷ் மாத்தறது சாதாரண வேலை. கேள்வி என்னன்னா, புஷ் மட்டும் தேய்ஞ்சிருக்கா, இல்ல புஷ் உட்கார்ற ஓட்டையே நீள்வட்டம் ஆயிடுச்சா? ஓட்டை போயிருந்தா வெல்டு வச்சு நிரப்பி, லைன் போரிங் மெஷினை வண்டியிலேயே கட்டி, திரும்ப வட்டமா கடையணும். செலவும் நாளும் வேற. புஷ் வெளிய நகர்ந்து வந்திருந்தாலோ, பின்னுக்கு வெளிப்பக்கம் வெல்டு வச்சுப் பூட்டியிருந்தாலோ ரெண்டாவது கதைன்னு எடுத்துக்கங்க.

குளிர்ந்த வண்டியும் வேணும், சூடான வண்டியும் வேணும்

இதனாலதான் அரை நாளாவது வேணும்னு சொல்றது. இன்ஜினைக் குளிர்ந்த நிலையில ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும், ஹைட்ராலிக்கை நல்லா சூடேறின பிறகு பார்க்கணும். நீங்க போகறதுக்கு முன்னாடியே வண்டியை ஓட்டி சூடாக்கி வச்சிருந்தா, இன்ஜின் பிளாக் பக்கம் கையைக் கொண்டு போனாலே அனல் தெரிஞ்சிடும். அப்படி இருந்தா டீ குடிச்சிட்டு வர்றோம்னு போயிட்டு, மறுநாள் காலையில சொல்லாம வாங்க.

குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து ஓரிரு நிமிஷத்துல நின்னா பரவால்ல. நிக்காம வந்தா எரியாத டீசலாவோ, உள்ள போற கூலன்டாவோ இருக்கும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. கறுப்புன்னா டீசலுக்கு ஏத்த காத்து இல்ல. சில சமயம் ஏர் ஃபில்டர் அடைப்புதான் காரணம், அதுக்குப் பயப்பட வேணாம். இன்ஜின் ஐடிலிங்ல ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியை மெதுவா தளர்த்திப் பாருங்க. புகை புஸ் புஸ்னு தள்ளினா பிஸ்டன் ரிங், லைனர் தேய்ஞ்சு எரிவாயு கீழ இறங்குது. டிப்ஸ்டிக்ல ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கறதா இருந்தா குளிர்ந்திருக்கும்போதே திறந்துடுங்க.

பெரிய தொகை போடறீங்கன்னா ஒரு பாட்டில் இன்ஜின் ஆயிலை லேபுக்கு அனுப்பலாம். இரும்பு அதிகமா இருந்தா லைனர் மாதிரி பாகங்கள், செம்பு அதிகமா இருந்தா பேரிங், சிலிக்கான் இருந்தா உள்ள தூசி போயிருக்கு. ஆனா நேத்துதான் ஆயில் மாத்தியிருந்தா ரிப்போர்ட் சுத்தமாத்தான் வரும். அதனால எப்ப மாத்தினதுன்னு கேட்காம சாம்பிள் எடுக்கறதுல அர்த்தமில்ல.

ஹைட்ராலிக்குக்கு ஏன் சூடு வேணும்? ரொம்பச் சின்ன இடைவெளி வழியா கசியற ஆயிலோட அளவு, அந்த இடைவெளியோட மூணாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி கூடும். ஆயிலோட பிசுபிசுப்பு குறையக் குறையவும் கூடும். இடைவெளி ரெண்டு மடங்கானா கசிவு எட்டு மடங்கு. காலையில ஆயில் தடிப்பா இருக்கும்போது தேய்ஞ்ச பம்ப் கூட நல்ல பம்ப் மாதிரி நடிக்கும். ஒரு மணி நேரம் நிஜமா தோண்ட வச்ச பிறகு அதே வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லி, பக்கெட் தரையிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை செகண்ட்னு போன்ல டைம் பாருங்க. காலையில எடுத்த டைமும் இதுவும் ரொம்ப வித்தியாசப்பட்டா உள்ள எங்கேயோ கசிவு.

அடுத்தது இறங்கற டெஸ்ட். முன்பக்க பக்கெட்ல மண்ணை நிரப்பி மேல தூக்கி, இன்ஜின் ஆஃப். சிலிண்டர் ராடு வெளிய வர்ற இடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு. பத்து நிமிஷம் கழிச்சு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க. அந்தப் பத்து நிமிஷமும் யாரும் அடியில போகக்கூடாது, செல்ஃபி எடுக்கக்கூட.

இறங்குச்சுன்னா விக்கறவர் உடனே சொல்றது, "சீல் கிட் மாத்தினா சரியாயிடும், சின்ன செலவு." இங்க நம்ம ஃப்ளூயிட் பவர் பாடம் நிஜமாவே கை கொடுக்குது. யோசிச்சுப் பாருங்க. லோடர் தூக்கற சிலிண்டர்ல எடை ராடை உள்ள தள்ளுது. பிஸ்டன் சீல் மட்டும் போயிருந்தா ஆயில் பிஸ்டனுக்கு ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் போகும். ஆனா ராடு உள்ள போகணும்னா அது அடைக்கிற இடத்தோட அளவுக்கு ஆயில் சிலிண்டரை விட்டு வெளிய போயே ஆகணும். ரெண்டு பக்க வாசலும் வால்வுல சரியா அடைபட்டிருந்தா போக வழியில்ல. பிரஷர் ஏறுமே தவிர கை இறங்காது. தொடர்ந்து இறங்குதுன்னா, வெளிய எங்கேயும் ஆயில் ஒழுகல்லன்னா, கன்ட்ரோல் வால்வோட ஸ்பூல் தேய்ஞ்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சீல் கிட் விலையும் வால்வு பிளாக் விலையும் ஒண்ணு இல்ல. பேரத்துல இந்த ஒரு பாயின்ட்டுக்கே நல்ல தொகை குறையும்.

ஹோஸ்ல கசிவு தேடும்போது கையால தடவாதீங்க. ஊசி ஓட்டை வழியா வர்ற ஹைட்ராலிக் ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க.

கியருக்கு ஒரு வரி: ஃபார்வர்டு போட்டா வண்டி எத்தனை செகண்ட் யோசிக்குது, ரிவர்ஸ் போட்டா எத்தனை? சூடான பிறகு தயக்கம் கூடினா டிரான்ஸ்மிஷன் தெரிஞ்ச மெக்கானிக்கைக் காட்டாம பேசாதீங்க. டயருக்கு பட்டன் உயரம் மட்டுமில்ல, பக்கச் சுவர்ல வெட்டு இருக்கான்னும் பாருங்க.

செயின் வண்டின்னா, அதாவது எக்ஸ்கவேட்டர்னா, டயருக்குப் பதிலா அண்டர்கேரேஜ். ஸ்பிராக்கெட் பல் கத்தி மாதிரி கூராயிருந்தாலோ, நாலு லிங்க் நீளத்தை அளந்து புது செயினோட ஒப்பிட்டா ரொம்ப நீண்டிருந்தாலோ செலவு நெருங்கிடுச்சு. செயின் வண்டியோட மொத்தப் பராமரிப்புல பெரிய பங்கு இதுக்குத்தான் போகும்.

இப்ப விலை

எங்க மாமா பதினாலு வருஷமா அடுத்தவங்க வண்டியை ஓட்டறார். சொந்தமா ஒண்ணு வாங்கணும்னு சேமிப்பு கொஞ்சம், அத்தை நகை கொஞ்சம், மீதி லோன்னு திட்டம். மூணு வண்டி பார்த்தோம். மூணாவது வண்டிக்கு புரோக்கர் 14 லட்சம் சொன்னார். வண்டியை மேல இருக்கற மாதிரி பார்த்து முடிச்ச பிறகு, டீக்கடையில உட்கார்ந்து போட்ட கணக்கோட வடிவத்தைத்தான் கீழ தர்றேன். எண்கள் கணக்கு விளங்கறதுக்காக முழுசாக்கிப் போட்டது, உங்க ஊர் எண்ணைப் போட்டுக்கங்க.

ஒரு மணிக்கு வாடகை 1,200 ரூபாய். டீசல் 5 லிட்டர், 465 ரூபாய். ஆபரேட்டர் சம்பளமும் பேட்டாவும் 150. டயர், ஃபில்டர், கிரீஸ், பின் புஷ்னு எடுத்து வைக்க வேண்டியது 150. இன்ஷூரன்ஸ், வராத வாடகை, இதரவை 60. மொத்தச் செலவு 825, மிச்சம் 375. வருஷத்துக்கு 1,000 மணி வேலை கிடைச்சா 3.75 லட்சம். நாலு வருஷம் ஓட்டிட்டு 5 லட்சத்துக்கு விப்போம்னு வச்சுக்கோங்க. நாலு வருஷம் கழிச்சு வர்ற ரூபாய் இன்னைக்கு ரூபாய் இல்ல. லோன் வட்டி 14 சதவீதம்னு எடுத்து இன்னைக்கு மதிப்புக்குக் கொண்டு வந்தா, வருஷ வருமானம் 3.75 பெருக்கல் 2.914, அதாவது 10.93 லட்சம். விக்கற 5 லட்சம் இன்னைக்கு 2.96 லட்சம். கூட்டினா 13.89. இதுல, வாங்கின உடனே செய்ய வேண்டிய டயர், பின் புஷ், ஹோஸ், பேட்டரி எல்லாம் 2.1 லட்சம் கழிச்சா 11.79 லட்சம். அதுதான் உச்சம். 14-ஐ விட 13 கம்மிதானேன்னு பேரம் பேசறது வேற, 11.79-க்கு மேல போனா நம்ம உழைப்பு வட்டிக்குப் போகும்னு தெரிஞ்சு பேசறது வேற.

மாமா இதுல ஒண்ணு கேட்டார்: "நான்தானே ஓட்டப் போறேன், அந்த 150-ஐ எதுக்குக் கழிக்கறே?" நிறைய பேர் செய்யறது இதுதான். அதைக் கழிக்கலன்னா வண்டி 15 லட்சத்துக்கும் மேல பெறுமான மாதிரி தெரியும். ஆனா அவர் இப்ப வாங்கற சம்பளம் அன்னையோட நிக்குது. சொந்த வண்டியில சம்பளம் இல்லாம ஓட்டறவர் வண்டிக்காரரோட விலையைத் தன் கூலியிலேருந்து கட்டறார். கழிச்சே ஆகணும்னு சொன்னேன். ஒத்துக்கிட்டார், முகம் மட்டும் கொஞ்சம் வாடிடுச்சு.

இன்னொரு எண்ணை மாத்திப் பாருங்க. 1,000 மணிக்குப் பதிலா 700 மணிதான் வேலைன்னா? வருஷத்துக்கு 2.63 லட்சம், எல்லாம் கழிச்சு உச்ச விலை சுமார் 8.5 லட்சம். பம்ப் எப்படி இருக்குன்னு அரை நாள் பார்க்கறோம், வேலை எவ்வளவு கிடைக்கும்னு அரை மணி கூட விசாரிக்கறது இல்ல. உங்க சுத்துவட்டாரத்துல ஏற்கனவே எத்தனை வண்டி நிக்குது, வாடகை எத்தனை மாசம் பாக்கி வைக்கிறாங்கன்னு நாலு ஆபரேட்டர்கிட்ட கேளுங்க. இ.எம்.ஐ. வண்டி தோண்டினாலும் வரும், நின்னாலும் வரும். ஃபைனான்ஸ் கம்பெனி தர்ற மதிப்பீட்டு ரிப்போர்ட்டை இதுக்குப் பதிலா எடுத்துக்காதீங்க. அது அவங்க பணம் திரும்ப வருமான்னு பார்க்கப் போட்டது.

2021 ஏப்ரல்லேருந்து சக்கர வண்டிகளுக்கு சி.இ.வி. ஸ்டேஜ் 4 புகை விதி வந்தது. அதுக்கப்புறம் வந்த வண்டிகள்ல எலக்ட்ரானிக்ஸ் அதிகம். உங்க ஊர் மெக்கானிக்கிட்ட அதைப் பார்க்க டயக்னாஸ்டிக் கருவி இருக்கான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. புதுசுங்கறதுக்காக மட்டும் கூடுதல் விலை தராதீங்க.

பேப்பர்

டயர் ஜேசிபிக்கு ஆர்.சி. உண்டு. கட்டுமான இயந்திர வாகனம்னு, டிரான்ஸ்போர்ட் அல்லாத வகையில பதிவாகும். ஆர்.சி.யில ஹைப்போதிகேஷன் இருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வராம பணம் தராதீங்க. பேர் மாத்த படிவம் 29, 30. வேற மாநில வண்டின்னா படிவம் 28. சேசிஸ் நம்பரை பென்சில் அச்சு எடுத்து ஆர்.சி.யோட ஒப்பிடுங்க, இன்ஜின் நம்பரையும். செயின் வண்டிக்குப் பெரும்பாலும் ஆர்.சி. இருக்காது. முதல் இன்வாய்ஸ்லேருந்து கை மாறின ஒவ்வொரு பில்லும்தான் அங்க ஆதாரம். நடுவுல ஒண்ணு காணோம்னா காரணம் கேளுங்க.

அட்வான்ஸ் தரும்போது ரசீதுல சேசிஸ் நம்பர், அன்னைக்கு மீட்டர் எண், எந்தெந்த பக்கெட் சேர்த்து, நாலு டயரோட சீரியல் நம்பர், பேட்டரி எல்லாம் எழுதி வாங்குங்க. அதே நேரம் போன்ல எல்லாத்தையும் போட்டோ எடுத்துடுங்க. அட்வான்ஸ் தந்த நாளுக்கும் வண்டி எடுக்கற நாளுக்கும் நடுவுல நல்ல டயர் கழண்டு வழுக்கை டயர் ஏர்றது இந்தத் தொழில்ல ரொம்ப சகஜம்.